மொட்டை மாடியில் ஏறிச் சொல்றேன்

எங்க ஊருக்குப் பக்கத்துல, ஸ்ரீபெரும்புதூர்ல பொறந்த உடையவரு ராமானுஜரு, திருக்கோட்டியூருக்கு நடையா நடந்து குருகிட்ட வாங்குன ரகசிய மந்திரத்தை, கோயில் மேல ஏறி நின்னு ஊருக்கே கத்திச் சொல்லிட்டாரு. ‘வெளிய சொன்னா உனக்கு நரகம்’னு குரு சொல்லியிருந்தும், கேட்ட சனம் நல்ல கதிக்குப் போவட்டும், நான் ஒருத்தன் நரகத்துக்குப் போனா போறேன்னாராம். அவரு பொறந்தது 1017. ஆயிரம் வருசம் கழிச்சு அதே ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்துல, சுங்குவார்சத்திரத்துல நாலு ரூமு வாடகைக்கு வுட்டுப் பொழைக்கிற கெழவி நான், மொட்டை மாடியில ஏறி நின்னு ஒரு ரகசியத்தைச் சொல்லப் போறேன். நரகம் எனக்கு எப்பிடியும் உண்டு. மருமவளைப் படுத்துனது கொஞ்ச நஞ்சமா? கேட்டுக்கோங்க பொண்ணுங்களா: நீங்க போட்டுக்கினு இருக்குற பாடியும் ஜட்டியும் உங்க அளவே இல்ல.

உனக்கு எப்பிடித் தெரியும் ஆயான்னு மொறைக்காதீங்க. நான் ஒண்ணும் எட்டிப் பாக்கல. கம்பெனி பஸ்ஸை வுட்டு எறங்குறப்ப பாக்குறேனே, ஒரு கை பையைப் புடிக்குது, இன்னொரு கை தோள்பட்டையில நழுவுறத இஸ்து மேல வுடுது. படி ஏறுறதுக்குள்ள இடுப்பை ரெண்டு தடவை நெளிக்கிறீங்க. ரூமுக்குள்ள போயி கதவைச் சாத்துன ஒடனே ‘அப்பாடா’ன்னு ஒரு சத்தம் வருது பாரு, அது கீழ் வூட்டுல சோறு வடிக்கிற எனக்குக் கேக்குது. முதுகுல ஊக்கு கழண்ட சத்தம்டி அது. அளவா இருந்தா அப்பாடா எதுக்கு?

நீங்க பாக்குற வேலையை நெனைச்சாதான் எனக்குச் சிரிப்பு வருது. போனு செய்யிறீங்க. ஒரு ஸ்குரு மயிரிழை கோணலா உக்காந்தாலும் ரிஜெக்ட்டு. கண்ணாடி ஓரத்துல எனக்கு மூக்குக்கண்ணாடி போட்டாலும் தெரியாத கீறலை, லைட்டு புடிச்சுக் கண்டுபுடிச்சுத் தூக்கி வெச்சுடுறீங்க. அந்தக் கண்ணை வெச்சுக்கினு, சம்பள நாள் சாயங்காலம் தள்ளுவண்டிக்காரன் கொட்டி வெச்சிருக்குற குவியல்ல கைய வுட்டு, வந்தத வாரிக்கினு வர்றீங்க. ‘எக்ஸ்போர்ட் சரக்குக்கா’ன்னு அவன் சொன்னா நம்பிக்கை வந்துடுது. எக்ஸ்போர்ட்டு ஆயிருந்தா அது ஏண்டி இந்த வண்டியில கெடக்குது? எவளோ ஒருத்தி திருப்பூர்ல ரிஜெக்ட்டுன்னு தூக்கிப் போட்டத, இங்க ரிஜெக்ட்டு புடிக்கிற உத்தியோகம் பாக்குற நீ காசு குடுத்து வாங்குற.

திருப்பூரைக் கொறை சொல்லல. நம்ம நாட்டுல இருந்து கப்பல் ஏறுற பின்னல் துணியில பாதிக்கு மேல அந்த ஊருதான் அனுப்புது. வருசத்துக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல யாவாரம். அம்மாந்தூரம் எதுக்கு, ஒரகடத்துல இருந்து அந்தாண்ட போனா கூடுவாஞ்சேரி. அங்க ‘இன்டிமேட் ஃபேஷன்ஸ்’னு ஒரு கம்பெனி, வெளிநாட்டுப் பொம்பளைங்களுக்கு பிரா தைக்கிறதே அதுக்கு வேலை. நம்ம பக்கத்துப் பொண்ணுங்க கையிதான் தைக்கிது. கடல் தாண்டி இருக்குற சீமாட்டிக்கு நாம அளவு பாத்துத் தைச்சு அனுப்புறோம். நம்ம மாருக்கு அளவு கேட்டா மட்டும், ‘34ன்னு நெனைக்கிறேன் ஆயா’ங்கிறீங்க. நெனைக்கிறதுக்கு அது இன்னா சாமியா?

இந்த 34 எங்கேர்ந்து வந்துச்சுன்னு விசாரிச்சேன். ஒருத்தி அவங்க அம்மா போட்ட அளவாம். இன்னொருத்திக்கு பதினாறு வயசுல கடைக்காரரு பார்வையாலயே அளந்து குடுத்தாராம், இப்ப இருவத்தாறு வயசு, ஒரு புள்ளை பெத்துட்டா, அளவு மட்டும் மாறலையாம். இன்னொருத்தி சொன்னதுதான் நெஜம்: ‘கடையில ஆம்பளை நிப்பாங்க ஆயா, கேக்க வெக்கம், முன்னாடி நின்ன அக்கா 34 கேட்டாங்க, நானும் அதேன்னுட்டேன்.’ இதுதான் விசயமே. உங்க ஒடம்புல தப்பு இல்ல, துணியிலயும் பாதி தப்பு இல்ல. வாயத் தொறக்காததுதான் வெனை. வாங்கும்போது கிசுகிசு, வாங்கினதும் கருப்பு கவரு, அதுக்கு மேல நியூஸ்பேப்பரு. டாஸ்மாக்குல வாங்குன பாட்டிலை ஒருத்தன் இடுப்புல சொருவிக்கினு ராஜநடை போட்டு வர்றான். நீ ஜட்டி வாங்கிக்கினு கள்ளக்கடத்தல் பண்ணவ கணக்கா பதுங்கிப் பதுங்கி வர்ற.

வெக்கத்தைப் பத்தி இன்னொண்ணு. தெக்க, கன்னியாகுமரிப் பக்கம், அப்ப திருவாங்கூர் ராசா ஆட்சி. நாடார் வூட்டுப் பொம்பளைங்க மேல்துணி போட்டா அடிச்சாங்க, கிழிச்சாங்க. மாரை மூடிக்கிறதுக்கு வருசக்கணக்குல அடிதடி. 1859 சூலை மாசந்தான் மூடிக்கலாம்னு உத்தரவே வந்துச்சு. அதுலயும் மேல்சாதிப் பொம்பளைங்க போடுற மாதிரி போடக் கூடாதுன்னு ஒரு வாலு. அந்தத் துணிக்கு அவங்க நடுத்தெருவுல நின்னு சண்டை போட்டாங்க. நீ ஏ.சி. கடையில நின்னு உன் அளவைச் சொல்ல மாட்டேங்கிற.

சரி, அளவுக்கு வாங்க. இஞ்சு டேப்பு எடு. கண்ணாடி முன்னால நில்லு, கூனாத. மாருக்கு அடியில, விலா எலும்பைச் சுத்தி டேப்பைச் சுத்து. முதுகுப் பக்கம் தொங்காம நேரா இருக்கணும். மூச்சை வுட்டுட்டு அளவு பாரு. 32ன்னு வந்துச்சா, அது பட்டியோட அளவு. ஒத்தைப்படையில நின்னா ஒண்ணு கூட்டியோ கொறைச்சோ ரெண்டையும் போட்டுப் பாரு. அப்புறம் மாரு எடுப்பா இருக்குற எடத்துல சுத்து, இறுக்காத. அது 34ன்னா, ரெண்டுக்கும் வித்தியாசம் ரெண்டு அங்குலம். அந்த வித்தியாசந்தான் கப்பு, அதாவது கிண்ணத்தோட எழுத்து. ஒரு அங்குலம் ஏ, ரெண்டு பி, மூணு சி, நாலு டி. ஆக நீ 32 பி. அவ்வளவுதான் கணக்கு. டார்கெட்டுக்கு எத்தினி பீஸு பாக்கின்னு மனக்கணக்கு போடுற பொண்ணுக்கு இது ஒரு கணக்கா? சில கம்பெனிக்காரன் இன்னும் பழைய வழக்கத்துல அடி அளவோட நாலஞ்சு அங்குலம் கூட்டிக்கோங்கிறான். அதனால அட்டையில போட்டிருக்குற பட்டியலைப் பாத்துட்டு, கடைசித் தீர்ப்பை ஒடம்புகிட்ட வுடு.

ஒடம்பு எப்பிடித் தீர்ப்பு சொல்லும்? புதுசை மாட்டுறப்ப கடைசி ஊக்குல, அதான் ரொம்ப லூசா இருக்குற வரிசையில மாட்டு. அதுலயே கச்சிதமா நிக்கணும். துவைக்கத் துவைக்க எலாஸ்டிக் தளரும், அப்ப உள்வரிசைக்குப் போவலாம். அதுக்குத்தான் மூணு வரிசை வெச்சிருக்கான், அழகுக்கு இல்ல. பட்டிக்கு அடியில ரெண்டு வெரல் போவணும், கையே போவக் கூடாது. அப்புறம் ரெண்டு கையையும் மேல தூக்கு, குனி, லைன்ல நிக்கிற மாதிரி நின்னு பக்கவாட்டுல திரும்பு. பட்டி மேல ஏறுச்சுன்னா பெருசு. கிண்ணத்துக்கு மேல சதை பிதுங்குனா கிண்ணம் சின்னது. கிண்ணம் சுருங்கிக்கினு நின்னா பெருசு.

தோள்ல பள்ளம் வுழுதுன்னு அழுவுறவங்க கவனிங்க. பந்தலைத் தாங்குறது கீழ ஊனுன காலு, மேல கட்டுன கயிறு இல்ல. பாரத்தைத் தாங்க வேண்டியது மாருக்கு அடியில சுத்துற பட்டி. அது தொளதொளன்னு இருந்தா பாரம் மொத்தமும் தோளுக்கு வந்துடும், அப்ப தோளு வாரை இன்னும் இஸ்து இறுக்குவீங்க. எட்டு மணி நேரம் நின்னுக்கினு வேலை பாத்துட்டு வந்து, கழுத்து வலி, முதுகு வலின்னு தைலம் தேய்ப்பீங்க. வலிக்கு எத்தினியோ காரணம் இருக்கும், மொதல்ல இந்தக் காரணத்தை ஒழிச்சுட்டு மத்ததைத் தேடுங்க.

இன்னொரு சூட்சுமம், கடைக்காரங்களே பாதிப் பேரு சொல்ல மாட்டாங்க. 34 பி கிண்ணம் கொள்ளுற அளவும், 32 சி கொள்ளுறதும், 36 ஏ கொள்ளுறதும் ஒண்ணுதான். பட்டி ஒரு படி எறங்குனா எழுத்து ஒரு படி ஏறும். அதனால ‘நான் சி-யா? சீச்சீ’ன்னு அலறாதீங்க. எழுத்து தனியா நின்னா அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது.

மேல் ரூமு பொண்ணு ஒருத்தி போன்ல படிச்சுக் காட்டுனா. அமெரிக்காவுல மேரி ஜேக்கப்னு ஒரு பணக்கார வூட்டுப் பொண்ணு. அந்தக் காலத்துல அங்க பொம்பளைங்களுக்குத் திமிங்கில எலும்புன்னு பேரு சொல்ற பட்டை வெச்ச கச்சையாம், இறுக்குனா மூச்சு முட்டுமாம். விருந்துக்குப் போட்ட மெல்லிசுத் துணிக்கு மேல அந்த எலும்பு துருத்திக்கினு தெரிஞ்சுதாம். ரெண்டு கைக்குட்டையையும் ஒரு ரிப்பனையும் வெச்சு வேலைக்காரிய வுட்டுத் தைச்சுக்கிட்டா. 1914ல அதுக்குப் பேட்டண்டு வாங்கி, 1,500 டாலருக்கு ஒரு கச்சைக் கம்பெனிக்கே வித்துட்டா. அந்தம்மா எலும்பைத் தூக்கிப் போட்டுட்டுப் போனாங்க. நம்ம பொண்ணுங்க அழகா எடுத்துக் காட்டுதுன்னு கம்பி வெச்சதைத் தேடி வாங்கிக்கினு வருது. கம்பி போடாதன்னு சொல்லல. அளவா இருந்தா அது சதையைக் குத்தாம, மாரைச் சுத்தி எலும்போட படிஞ்சு உக்காரும். ஆனா ராத்திரி ஷிப்டுக்கு அது எதுக்கு? கேட்டுல மெட்டல் டிடெக்டரு கீச்சுன்னு கத்துச்சுன்னா செக்யூரிட்டி அக்காவுக்கு வெளக்கம் சொல்லிக்கினு நிக்கணும். வேலைக்குக் கம்பி இல்லாத பருத்தி, கல்யாணத்துக்குக் கம்பி. ஓடியாடுற வேலைன்னா அகலப் பட்டி வெச்ச ஸ்போர்ட்ஸ் பிரா. அதையும் தூங்கும்போது கழட்டிடு.

இப்ப கீழ வருவோம். எங்க வூட்டுக்காரரு சாவுற வரைக்கும் கோவணந்தான். அளவு எடுக்கத் தேவையே இல்லாத ஒரே உள்ளாடை அது, தொந்தி வெச்சாலும் சரி, வத்திப் போனாலும் சரி. கழனி வேலைக்குப் போன எங்களுக்கு ஜட்டின்னு ஒண்ணு இருக்குன்னே தெரியாது. உள்பாவாடை, அதுல ஒரு நாடா. புடவை நழுவக் கூடாதுன்னு அந்த நாடாவை ஒரே எடத்துல, வருசம் பூரா, இறுக்கி இறுக்கிக் கட்டுவோம். கெழவிங்க இடுப்பைப் பாருங்க, கருப்பா ஒரு தடம் ஓடும். அது சும்மா தடந்தானேன்னு நெனைச்சோம். 2024ல மகாராஷ்டிரா, பீகார் டாக்டருங்க ரெண்டு கெழவிங்க கதைய இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகையில எழுதியிருக்காங்க. ஒருத்திக்கு எழுவது வயசு, இன்னொருத்தி அறுவதைத் தாண்டுனவ. நாடா அறுத்த எடத்துல ஆறாத புண்ணு, அது புத்துநோயாவே மாறிடுச்சு. அதனாலதான் சொல்றேன், தோலை அறுக்குற எதுவும் சின்ன விசயம் இல்ல. புடவை கட்டுறவங்க நாடாவைத் தளத்திக் கட்டுங்க, அகலப் பட்டி வெச்சுத் தைக்கச் சொல்லுங்க. ஜட்டி போடுறவங்க, கழட்டி ரொம்ப நேரம் ஆன பொறவும் இடுப்புலயும் தொடையிலயும் செவப்பா கோடு நின்னா, அது உங்க சைஸு இல்ல.

சைஸுன்னதும் இன்னொரு கூத்து. எக்ஸ்எல் வேணும், ஆனா எல்-லுதான் வாங்குவீங்க. கேட்டா ‘நான் அவ்ளோ குண்டா ஆயா?’ அடியே, ஜட்டிக்கு உள்பக்கம் அச்சடிச்ச எழுத்தை எவ வந்து படிக்கப் போறா? இடுப்பையும், பின்பக்கம் அகலமா இருக்குற எடத்தையும் டேப்பால அளந்து, பொட்டி மேல போட்டிருக்குற செண்டிமீட்டரோட வெச்சுப் பாரு. போட்டுக்கினு ஒரு தடவை குத்த வெச்சு எந்திரி. பின்னால எறங்கக் கூடாது, தொடை இடுக்குல அறுக்கக் கூடாது, உள்ள சுருண்டுக்கக் கூடாது. ஓரத்து எலாஸ்டிக் தோல்ல நேரா படாம துணியால மூடியிருந்தா உத்தமம்.

துணி பருத்தி. கொஞ்சம் எலாஸ்டேன் கலந்திருந்தா பரவால்ல, நூத்துக்கு அஞ்சு பத்துன்னு லேபிள்ல போட்டிருக்கும். ஆனா நடுவுல, ரெட்டைத் துணி வெச்சுத் தைச்சிருப்பாங்களே, அந்த உள்துணி சுத்தப் பருத்தியா இருக்கணும். வெளிய லேசு எவ்வளவு வேணா மினுக்கட்டும். நம்ம ஊரு வெயில்ல, ரெண்டு மணி நேரம் பஸ்ல உக்காந்து, மேல ஒரு கோட்டு, தொப்பின்னு மாட்டிக்கினு ஷிப்டு பூரா நின்னா, நைலான் வேர்வைய உறிஞ்சாது. ஈரம் நின்னா அரிப்பும் வரும், படர்தாமரையும் வரும். மாசத்துல அந்த நாலஞ்சு நாளைக்கு மட்டும் நாப்கின் நவுராம இருக்க நல்லா பொருந்துறதா ரெண்டு மூணு தனியா வெச்சுக்கோ. பழைய தொளதொளப்பு அதுக்கு ஒதவாது.

படர்தாமரை வந்தா இன்னா பண்றீங்க? மெடிக்கல்ல போயி, இதையும் கிசுகிசுன்னு கேட்டு, ஒரு டியூப்பு வாங்கித் தேய்க்கிறீங்க. ரெண்டு நாள்ல அரிப்பு போச்சேன்னு சந்தோசம். அதுல பல டியூப்புல ஸ்டீராய்டு கலந்திருக்குது. அது அரிப்பை அமுக்கும், படர்தாமரைக்குக் காரணமான காளானை வளத்து வுடும். நாடு பூரா தோல் டாக்டருங்க தலையில அடிச்சுக்கிறாங்க, இதனாலேயே மருந்துக்கு அடங்காத படர்தாமரை பரவுதுன்னு. மாசம் 21,000 ரூபா வரைக்கும் சம்பளக்காரங்களுக்கு இ.எஸ்.ஐ. இருக்குது. அந்த அட்டைய பர்ஸுல சாமி படத்துக்குப் பக்கத்துல வெச்சுக் கும்புடாம, எடுத்துக்கினு போங்க. வெள்ளைப்படுறது எல்லாருக்கும் உண்டு. அரிப்பு, நாத்தம், தயிரு மாதிரி திரியறதுன்னா டாக்டரம்மாகிட்ட நேரா சொல்லுங்க.

காய வெக்கிறதுக்கு வருவோம், என் கோவம் பூரா அதுலதான். மாடியில நான் கட்டுன கொடியில பக்கத்து வூட்டுக்காரன் பட்டாப்பட்டி நடுநாயகமா ஆடுது. உங்க ஜட்டி எங்க? துண்டுக்கு அடியில, அதுக்கு மேல துப்பட்டா, இல்லன்னா கட்டில் கம்பியில, கதவுக்குப் பின்னால. நாங்களும் அந்தக் காலத்துல தீட்டுத்துணிய மாட்டுக்கொட்டாய் கூரையில சொருவி ஒளிச்சு வெச்சோம். ஈரமாவே எடுத்துக் கட்டுவோம். அந்தப் பேதைத்தனத்தைக் காப்பாத்தவா நீங்க இஞ்சினீரு டிப்ளமா படிச்சீங்க? வல்லம் வடகால்ல 2024 ஆகஸ்டுல ஒரு ஹாஸ்டல் தொறந்தாங்களே, சிப்காட்டு கட்டுனது, 706 கோடி ரூபா, 18,720 பேரு தங்கலாம். ஆளுக்கு மூணுன்னு வெச்சாலும் 56,160 ஜட்டி. அம்மாம் ஜட்டியும் துண்டுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டா, துண்டு மட்டும் எப்பிடிக் காயும்?

பருத்தி ஜட்டிய நல்லா அலசி, உள்பக்கத்தை வெளிய திருப்பி, சுள்ளுன்னு வெயில்ல போடுங்க. பாடிய அப்பிடிப் போடாதீங்க, வெயில் எலாஸ்டிக்கைத் தின்னுடும். அத்த முறுக்கிப் பிழியாம, நடுப்பட்டியில மடிச்சு, நெழல்ல காத்தாட வுடுங்க. வாரைப் புடிச்சுத் தொங்க வுட்டா ஈரத்துப் பாரத்துல வாரு நீளும். ஐப்பசி கார்த்திகையில நாலு நாளு மழை வுடாது, அப்ப ஜட்டிய இஸ்திரி போட்டுக் காய வெச்சுப் போட்டுக்கோங்க. கரெண்டு பில்லு நான் பாத்துக்கிறேன்.

கடைக்குப் போறப்ப ஒண்ணே ஒண்ணு வாங்குங்க. மூணு சேந்த பாக்கெட்டு வெலை கொறைவுன்னு மயங்காதீங்க. போட்டுப் பாக்க வுட மாட்டாங்க, திருப்பியும் எடுக்க மாட்டாங்க. ஒண்ணை ஒரு ஷிப்டு முழுக்கப் போட்டுப் பாத்து, சரிப்பட்டா அதே கம்பெனி, அதே நம்பரு இன்னும் நாலு. வேற கம்பெனிக்கு மாறுனா மறுபடியும் அளவு பாருங்க. ஆம்பளை நின்னா அந்தாண்ட இருக்குற பொண்ணைக் கூப்புடுங்க. அவளும் உங்கள மாதிரி நாள் பூரா காலு கடுக்க நிக்கிறவதான். உக்கார நாற்காலி குடுக்கணும்னு நம்ம சட்டசபையில 2021லதான் கடைச் சட்டத்தைத் திருத்துனாங்க. நாற்காலி இருந்தா உக்காந்துக்கோம்மான்னு சொல்லிட்டு, நம்பரைச் சத்தமா கேளுங்க.

கடைசியா காசு. தீபாவளி போனஸு வந்தா தம்பிக்குப் போனு, அப்பாவுக்கு வேட்டி சட்டை, அம்மாவுக்குப் புடவை, தங்கச்சி காலேஜு பீஸு. உங்களுக்கு? ஓட்டை வுழுந்த ஜட்டி இன்னும் ஒரு வருசம் ஓடும். இந்த வருசம் அந்த லிஸ்டுல மொத வரியில உங்க பேரு இருக்கட்டும், அளவு பாத்து ஆளுக்கு நாலு செட்டு. தம்பி பழைய போன்ல இன்னும் ஆறு மாசம் பேசுனா வாயி ஒண்ணும் வலிக்காது. இஞ்சு டேப்பு எங்க வூட்டு அடுப்பங்கரை ஆணியில தொங்குது, யாரு வேணா எடுத்துக்கினு போங்க, எடுத்தத திருப்பி மாட்டுங்க. வாடகைய மட்டும் அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துடுங்க கண்ணுங்களா.